மக்கள் கடைப் பலகையும் என் சீட்டு டப்பாவும்

சீட்டு எடுத்த ஞாயிற்றுக்கிழமை

கடைக்குள் ஒன்பது அட்டை வலிப்பு மாத்திரை இருந்தது. ஷட்டருக்கு வெளியே முப்பத்தொரு பேர் நின்றார்கள். என் கையில் ஒரு கெட்டிப்பால் டப்பா. அதற்குள் நான் முந்தின நாள் ஸ்கேல் வைத்து வெட்டி, ஒரே மாதிரி மடித்துப் போட்ட முப்பத்தொரு சீட்டு. ஒன்பதில் நீலப் புள்ளி. மீதி வெற்றுக் காகிதம்.

"எல்லாருக்கும் ஒரே விதி. சிபாரிசு கிடையாது, சலுகை கிடையாது" என்று பர்மியில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கத்திச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பர்மாவில், பபேடான் என்ற கடைவீதிப் பகுதியில், ஒரு மருந்துக் கடையில் நான் ஸ்டாக் கிளார்க். சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. மூன்று வருஷத்துக்கே அனுபவக் குறிப்பா என்று சிரிக்காதீர்கள். இந்த மூன்று வருஷத்தில் ஒரு சாதாரண காய்ச்சல் மாத்திரையின் விலையை எத்தனை தடவை அடித்து மாற்றி எழுதினேன் என்று பார்த்தால் நான் சீனியர்தான். எனக்குப் பிறகு இந்த மாதிரிக் கடைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போல நாலு புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்களுக்காக.

முதல் நாள்: எழுத்து கீழே இருக்கணும்

வீடு இருக்கும் டாலாவிலிருந்து காலைப் படகில் ஆற்றைக் கடந்து, இடுப்பில் கட்டிய புது லோஞ்சிக் கைலி நனையாமல் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் நின்றேன். முதலாளி காசிம் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரு?"

"தேவி. அடையாள கார்டுல பர்மியப் பேரு, மா சந்தா."

"படிப்பு?"

"எகனாமிக்ஸ், பாய்."

"அப்படியா? அப்போ கீழ் ஷெல்ஃப்ப காலி பண்ணித் தொட."

அவர் நகைச்சுவை அப்படித்தான். கீழ் ஷெல்ஃபில் இருந்த சலைன் பாட்டில்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் துடைத்தால், அடித்தட்டு மரமில்லை, தகரம். இழுத்துப் புரட்டினேன். பச்சைப் பெயின்ட், அதன்மேல் வெள்ளையில் பர்மிய எழுத்து: மக்கள் கடை, ஒரு எண்.

என் கடைசி வருஷ ஆய்வுக் கட்டுரையே அந்தக் காலத்தைப் பற்றித்தான். நாடு வாசலைச் சாத்திக்கொண்டு, எதை விளைவிப்பது, எதைச் செய்வது, எதை யாருக்கு விற்பது எல்லாவற்றையும் அரசே தீர்மானிக்கும் என்று சொன்ன அந்த இருபத்தாறு வருஷம். நூலகத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடிய காலம் இங்கே சலைன் பாட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது!

"இது என்ன பாய்?"

"தகரம்."

"அது தெரியுது. எழுத்து?"

"எழுத்து இருந்தா தகரம் கெட்டுப் போயிடுமா? நல்ல தகரம், துருவே ஏறல. தொடச்சிட்டு பழையபடி வை. எழுத்து கீழ இருக்கணும்."

விடுவேனா? ஒரு வாரம் டீக்கு டீ நச்சரித்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: இந்தக் கடை அவர் வாப்பாவுடையது. ஒரு நாள் அரசாங்க ஆட்கள் நாலு பேர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அந்தப் பலகை ஏறியது. அதற்கடுத்த நாள் அவர் வாப்பாவே அந்தக் கடையில் சம்பளத்துக்கு விற்பனையாளராக உட்கார்ந்தார்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கடைகளை அரசு எடுத்துக்கொண்ட செய்தி வந்தபோது அவர் சந்தோஷப்பட்டாராம். கடன்காரனும் கடைக்காரனும் சேர்ந்து தோலை உரித்த காலம் அது. இனி அரிசி எல்லாருக்கும் ஒரே விலை, எண்ணெய் எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் மூட்டை தூக்குகிறவனுக்குக் கசக்குமா? முதல் கொஞ்ச காலம் அரிசி வரவும் செய்தது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் தாத்தா பக்கம்தான் நிற்பேன். இன்றைக்கும் அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். அவரை ஏமாற்றியவர்கள்மேல்தான் என் கோபம்.

ஏமாற்று என்று ஏன் சொல்கிறேன்? சோப்பு ஆலை அரசுடையது, ஆனால் காரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வராது. தறி அரசுடையது, ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்றுச் சக்கரம் கிடையாது. நெல்லைச் சொன்ன விலைக்குக் கொடு என்றால் விவசாயி ஒளித்து வைக்கிறான். கடைக்கு நாளை என்ன வரும் என்று கடையில் இருப்பவருக்கே தெரியாது. ஒரு வட்டாரத்துக்கு மூன்று குடை வரும். மூன்று குடையை எப்படிப் பங்கு வைப்பது? சீட்டு! ஊரே வந்து டப்பாவுக்குள் கைவிடும். குடை விழுந்தவர் வீட்டில் இரண்டு குடை தொங்கும். சைக்கிள் டயர் விழுந்தவரிடம் சைக்கிளே இருக்காது. அவர் அதைத் தெருமுனையில் நிற்கும் மௌங்கோ ஆளிடம், அதாவது கள்ளச் சந்தைக்காரரிடம், கொடுத்துவிட்டு அரிசி வாங்கிப் போவார். எல்லாச் சாமானும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அந்தத் தெருமுனைதான். வாசலைச் சாத்திய நாட்டில் டார்ச் லைட்டிலிருந்து மருந்துவரை எல்லாம் எல்லைக் காட்டு வழியாக முதுகில் ஏறி வந்தது. அதற்கு யார் தண்டனை அனுபவித்தார்கள்? மறுபடியும் சனங்கள்தான். ஒரு காலை எழுந்தால் கையில் இருக்கும் நோட்டு செல்லாது என்பார்கள். பதிலுக்கு நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று நோட்டு அச்சிட்டார்கள். நூறு கியாட் கொடுத்து நாற்பத்தைந்துக்குச் சாமான் வாங்கிப் பாருங்கள், கணக்கு வாத்தியாரே அழுதுவிடுவார். உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாடு, பரம ஏழை நாடுகளின் பட்டியலில் போய் நின்றது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, கட்டுரையின் கடைசி வரியில் "அந்தக் காலம் முடிந்தது" என்று முடித்திருந்தேன். பேராசிரியை அதற்குக் கீழே கோடு போட்டு 'நன்று' என்று எழுதினார். அந்த வரிதான் என் முதல் பிழை.

"இருக்குன்னா கேப்பாங்க"

இரண்டாவது வருஷம் மருந்து குறைய ஆரம்பித்தது. காரணம் புரியாத புதிரெல்லாம் இல்லை. மருந்து வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்கு டாலர் வேண்டும். டாலருக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குப் படிவம், படிவத்துக்கு இன்னொரு படிவம். மொத்த வியாபாரிக்குப் போன் போட்டால் ஒரே பதில்: "லைசென்ஸ் வரல, அடுத்த வாரம் பாருங்க." அவருக்குக் கிடைக்கும் கொஞ்சமும் ஏறின விலையில்தான் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் வட்டாரத்துக்கு விலைப்பட்டியல் ஒன்று வந்தது. இந்த மருந்தை இந்த விலைக்கு மேல் விற்றால் கடைக்குச் சீல். அந்த விலைக்கு எங்களுக்கே சரக்கு வராது! இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள்? காய்ச்சல்காரனிடம் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்கிற வேலை இது.

காசிம் பாய்க்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

"கேட்டா இல்லைன்னு சொல்லு."

"இருக்கே பாய்!"

"இருக்குன்னா கேப்பாங்க."

"கேக்கத்தானே கடை வச்சிருக்கோம்?"

"ஏம்மா, நீ படிச்ச காலேஜ்ல வாயை மூடுறதுக்குப் பாடம் ஒண்ணும் கிடையாதா?"

இந்த நேரத்தில்தான் மாரியக்கா எனக்கு நன்றாகப் பழக்கமானார். லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் வேலை, ஆலைக்கு வெளியே தங்கச்சியோடு ஒரு அறையில் குடித்தனம். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. இரண்டு பஸ் மாறி வருவார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, கையில் பழைய அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவார். அந்த அட்டையைக் காட்டி, "இதே மாத்தர, இதே கம்பெனி" என்பார். யாருக்கு என்று சொல்ல மாட்டார். "வீட்டுல ஒருத்தருக்கு" என்பார். நானும் கேட்டதில்லை.

நான் கேட்காமல் விட்டதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாத்திரை தங்கச்சி பொன்னிக்கு. சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை தவறாமல் போட்டால் ஒன்றும் வராது, விட்டால் வரும். பொன்னியும் அதே ஆலையில் தையல் மிஷினில் உட்காருகிறவள். வலிப்பு இருக்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே. தெரியாமல் வந்தாலும், ஓடுகிற மிஷினுக்கு முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, அந்த அட்டைக்குள் ஒரு சம்பளமும் பத்து விரலும் இருந்தன.

என் திட்டம்

வலிப்பு மாத்திரை மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டைக்கு மேல் வராது என்று மொத்த வியாபாரி கையை விரித்தார். காசிம் பாய் வழக்கம்போல ஷட்டரை இறக்கப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் பார்த்து, தெரிந்தவருக்கு மட்டும் கவுன்டருக்கு அடியில் கொடுப்பது அநியாயம் என்று கத்தினேன்.

"அப்போ நீயே சொல்லு, எப்படிக் கொடுக்கறது?"

ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். பெயர்ப் பதிவு. போனில் ஷீட். பதிந்த எல்லாரும் சமம். நோய் என்ன என்று கேட்க மாட்டோம், அது அவரவர் அந்தரங்கம்; கேட்டாலும் பொய் சொல்வார்கள். கையிருப்பு எவ்வளவு என்று கதவில் ஒட்டுவோம், ஒளிவு மறைவு இல்லை. ஞாயிறு காலை எல்லார் முன்னாலும் சீட்டு.

காசிம் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சீட்டா?" என்றார். ரொம்ப நேரம் கீழ் ஷெல்ஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. எனக்குத் தலைவலி விட்டுச்சு" என்றார். அவர் பார்வை போன இடத்தை நான் கவனித்தேன். கவனித்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்தச் சீட்டு டப்பாவைத் திட்டி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்! ஆனால் அது அவர்கள் டப்பா. இது என்னுடையது, நேர்மையானது, ஷீட்டில் கலர் எல்லாம் அடித்தது.

அந்த வாரம் விலை பார்க்க வருகிற அதிகாரி வந்தார். எங்கள் ஊரில் அதிகாரியை 'சயா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆசிரியருக்கும் அதே சொல்தான். கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"இத யார் செஞ்சது?"

"நான்தான், சயா."

"நல்லா இருக்கு, தமீ." தமீ என்றால் மகளே. "எல்லாக் கடையும் இப்படி இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபம்!" போனில் படம் எடுத்துக்கொண்டார். ஷீட்டுக்கு ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்தை வரவிடாத ஏற்பாட்டின் ஆள் வந்து என் முதுகைத் தட்டிவிட்டுப் போகிறார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சனிக்கிழமை மாரியக்கா போன் செய்தார். பின்னால் ஆலை இரைச்சல். குரலைத் தாழ்த்தி, "தேவிம்மா, ரெண்டு அட்டை எனக்குன்னு எடுத்து வையேன். இங்க தீரப் போவுது" என்றார்.

"வரிசைன்னா எல்லாருக்கும் வரிசைதான்கா. நாளைக்கு வந்து சீட்டு எடுங்க."

"சரிம்மா" என்று போனை வைத்தார்.

நீலப் புள்ளி

அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்குகிறவர்கள் ஒன்பது பேருக்கு மேல் இல்லை. பதிந்தவர்கள் முப்பத்தொரு பேர். மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? கையிருப்பைக் கதவில் ஒட்டிய புத்திசாலி யார்? கிடைக்காத சாமான் இங்கே கிடைக்கிறது என்று நானே தண்டோரா போட்டேன். என்ன சாமான் என்பது முக்கியமில்லை. கிடைக்காதது என்றால் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். இது இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், வீட்டுக்கு வீடு இன்னும் உயிரோடு இருக்கிறது.

முதல் நீலப் புள்ளி தெருமுனை டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு விழுந்தது. சீட்டைத் தூக்கிக் காட்டி, "தங்கச்சி, எனக்கு வலிப்பெல்லாம் இல்ல. அதிர்ஷ்டம் மட்டும்தான் இருக்கு!" என்றார். கூட்டம் சிரித்தது. விதி என்று சொல்லிவிட்டேனே, கொடுத்தேன்.

மாரியக்கா பத்தொன்பதாவதாகக் கைவிட்டார். பிரித்தார். வெற்று. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னொன்னு எடுக்கலாமா?"

"இல்லக்கா."

பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "நகருக்கா, அதிர்ஷ்டம் இல்லாதவங்க வழி விடுங்க" என்றாள். அக்கா அந்தச் சீட்டைப் பழைய அட்டையோடு சேர்த்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நகர்ந்தார்.

மதியத்துக்குள் ஒன்பதில் ஆறு அட்டை தெருமுனைக்குப் போய்விட்டது. மூன்று பங்கு விலை. மாரியக்கா அங்கே போய் நின்று, கேட்டு, இருந்ததை எல்லாம் கொடுத்து இரண்டு மாத்திரை மட்டும் கத்தரித்து வாங்கிப் போனார் என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை

வேலை நாளிலேயே மாரியக்கா கடைக்கு வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு அடங்கின குரலில் பேசினார். பொன்னியைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

"என் தங்கச்சி. நேத்து மத்தியானம் மிஷின்ல உக்காந்திருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. கால் பெடல்ல அழுந்திடுச்சு. மிஷின் நிக்கல. ஊசி விரல்ல ஏறி உள்ளயே முறிஞ்சிடுச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இரு. சூப்பர்வைசர் வந்து தூக்கல. மொதல்ல துணியில ரத்தம் பட்டுச்சான்னு பாத்தான். அப்புறம், உனக்கு இந்த வியாதி இருக்குன்னு ஏன் சொல்லலன்னு கேட்டான். வேலை போச்சு. போகட்டும். உன்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். சீட்டுக்கு என் பேர எழுதிக்கிட்ட. போன் நம்பர் எழுதிக்கிட்ட. எந்த ஊருன்னு எழுதிக்கிட்ட. மாத்தர எதுக்குன்னு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அந்தரங்கம், சமத்துவம் என்று நான் அடுக்கி வைத்திருந்த சொற்கள் எதுவும் வாயில் வரவில்லை.

அப்போது காசிம் பாய் ஒன்று செய்தார். எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். சலைன் பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பச்சைத் தகரத்தை நெம்பித் தூக்கி, அதற்கு அடியிலிருந்து இரண்டு அட்டை வலிப்பு மாத்திரையை எடுத்து மாரியக்கா கையில் வைத்தார்.

நான் குதித்தேன். "பாய்! இது எப்ப வச்சீங்க?"

"நீ எண்ணி ஒட்டறதுக்கு முன்னாடி."

"ஞாயித்துக்கிழம இது இங்கயே இருந்துச்சா? அக்கா வெறுங்கையோட போறப்ப பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஒம்பதுன்னு கதவுல ஒட்டினது யாரு? நகலு சயா கைக்குப் போயிடுச்சு. பத்தாவது அட்டை வெளிய வந்தா, எங்கேர்ந்து வந்துச்சு, பதுக்கினியான்னு கேப்பாங்க. எங்க வாப்பா இதே எடத்துல, பக்கத்து வீட்டுப் புள்ளைக்குன்னு ஒரு பால்மாவு டின்ன எடுத்து வச்சாரு. கையிருப்புல ஒண்ணு குறையுதுன்னு வந்து புடிச்சாங்க. அவரு சொந்தக் கடைம்மா இது! பதினொரு மாசம் உள்ள இருந்துட்டு வந்தாரு. வந்ததுக்கு அப்புறம் இருக்குன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வரல. எது கேட்டாலும் இல்ல, இல்ல. சோறு இருக்கான்னு உம்மா கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவாரு."

மாரியக்கா மாத்திரையைக் கைக்குட்டையில் சுற்றினார். "ரெண்டு பேரும் நல்லா நியாயம் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. என்மேல் பாதி. மீதி, இரக்கப்பட்டு ஒரு டின்னை எடுத்து வைத்தவரைத் திருடனாக்கி, தெருமுனையில் மூன்று பங்கு விலைக்கு விற்பவரை அதிர்ஷ்டசாலியாக்குகிற ஏற்பாட்டின்மேல். அது அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று எழுதியவள் நான். போகவில்லை. எங்கள் கடையில் அது சலைன் பாட்டிலைச் சுமந்துகொண்டு இருந்தது, நான் ஸ்கேலும் கத்தரியுமாகப் போய் அதற்கு வேலை பார்த்தேன். வாசலைச் சாத்தியவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு, சாத்தின வாசலுக்கு முன்னால் அழகாக வரிசை போட்டுக் கொடுத்தேன். இல்லாமையைச் சமமாகப் பங்கு வைத்தால் அதற்கு நியாயம் என்று பெயர் வந்துவிடும் என்று நம்பினேன். எவ்வளவு படித்து என்ன?

படிவத்தில் இடமில்லை

சீட்டை அன்றே நிறுத்தினேன். கதவில் ஒட்டியதைக் கிழித்தேன். கடைக்குள் ஒரு மூலையில் திரை கட்டி, ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டு, இரண்டே கேள்வி: யாருக்கு? கையில் எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது? இருபது நாள் மிச்சம் வைத்திருப்பவர் காத்திருப்பார், இன்றோடு தீர்கிறவருக்குப் பத்து நாளைக்குக் கொடுப்போம். ஒன்பது குடும்பமும் இப்போது ஒருவருக்கொருவர் போன் நம்பர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் கரேன் இனத்து அம்மா ஒருவர் தன்னிடம் இருந்த அரை அட்டையைப் படகேறிக் கொண்டுவந்து, டாலாவில் மாத்திரை தீர்ந்துபோன ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இது பெரிய தீர்வு என்று நான் மார்தட்ட மாட்டேன். மருந்து வராமல் இருப்பது அப்படியே இருக்கிறது, இதுவும் இல்லாமையைப் பங்கு வைப்பதுதான். ஆனால் முகம் பார்த்துப் பங்கு வைக்கிறோம்.

இரண்டு மாதம் கழித்து அதே அதிகாரி வந்தார், கையில் அச்சடித்த படிவத்தோடு. என் ஷீட்டைப் பார்த்து யாரோ தயாரித்தது. என் கட்டங்கள், என் தலைப்புகள்! எல்லாக் கடைக்கும் கொடுக்கப் போகிறார்களாம், மாதிரிக் கடை எங்களுடையதாம். காசிம் பாய் எனக்குப் பின்னால் செருமினார். வாயை மூடு என்று அர்த்தம்.

"டப்பா எங்க, தமீ?"

"நிறுத்திட்டோம், சயா."

"ஏன்? நல்லாத்தானே போச்சு?"

"சீட்டு விழாத ஒரு பொண்ணுக்கு வேலை செய்யற எடத்துல வலிப்பு வந்து விரல்ல ஊசி ஏறிடுச்சு. வேலையும் போச்சு."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே முகம் வாடினார். பேனாவைத் திறந்து படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார், மறுபடி பார்த்தார். "பாவம். ஆனா இத எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார்.

"கட்டம் இல்ல, சயா. நான் போடல. அதனாலதான் இந்தப் படிவம் வேண்டாங்கறேன்."

காசிம் பாய்க்கு மூச்சே நின்றிருக்கும். அதிகாரி பேனாவை மூடினார். ஒரு படிவத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். இதுவரை சீல் வரவில்லை. வரலாம். அடுத்த கடையில் டப்பா இருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். திட்டம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. திட்டம் போடாமல் கடை நடக்காது. உங்கள் திட்டத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்படுகிறவர் யார் என்று கவனியுங்கள். கவுன்டருக்கு வெளியே நிற்பவரா, படிவத்தோடு வருகிறவரா?

போன ஞாயிற்றுக்கிழமை மாரியக்காவுக்குப் பதில் ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். வலது ஆள்காட்டி விரல் விறைத்துத் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, பழைய அட்டையைக் காட்டினாள். அதனோடு மடிப்புக் கலையாமல் ஒரு வெற்றுச் சீட்டும் இருந்தது. எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றாள் பொன்னி. புது அட்டையை வாங்க நீட்டிய கையில் அந்த விரல் மட்டும் மடங்கவில்லை. "இப்பல்லாம் கேக்கறீங்களாக்கா?"